வியாழக்கிழமை மேடு

கதவின் அகலம் எழுபத்தொரு சென்டிமீட்டர்.
அதனால்தான் அந்தக் கருவி எழுபது.
ஊனோ லெப்மெட்ஸின் கட்டுரை எதிலும் இது இல்லை.
வெளியே தூக்கும்போது விரல்முட்டி உரசி
நானாகத் தெரிந்துகொண்டது.

தார்த்து நகரம். இடிக்கப்போகும் கட்டடத்தின் முதல் மாடி.
கல்பாசி ஆய்வகம்.
எனக்கு வேலை, பொருள்களுக்கு எண் போடுவது.
நாற்காலி, 14.
குடுவைகள், 15 முதல் 88 வரை.
89, சூடேற்றும் தட்டு; அதன்மேல் காபி வழிந்த வட்டம்.
துடைக்கலாமா என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன்.
கூடாது என்று பதில் வருவதற்குள்
யாரோ துடைத்துவிட்டார்கள்.
112, மரப்பெட்டி, காலி.
பயன் தெரியவில்லை என்று எழுதினேன்.

பேரேடுகளில் ஒரே கோடு, பக்கம் பக்கமாக:
கல்பாசி விடும் மூச்சு.
ஆறு நாள் தரையாய்ப் போகும்.
வியாழனன்று ஒரு மேடு.
மூன்று வருடம் கருவியைச் சந்தேகித்தார்கள்.
திருகுகளைக் கழற்றி மாட்டினார்கள்,
வயரை மாற்றினார்கள்,
பிறகு ஒருவரையொருவர் சந்தேகித்தார்கள்.
ஹில்யா ரோசார்
(கட்டுரைகளின் அடியில், நன்றி வரியில் மட்டும் வரும் பெயர்)
ஒரு மத்தியானம் களைத்துப்போய்ச்
சுவரில் சாய்ந்தார்.
முதுகு வெதுவெதுத்தது.

கீழே சலவைக்கூடம்.
வியாழன், மருத்துவமனைப் படுக்கைவிரிப்புகளின் நாள்.
வெந்நீர்க் குழாய் சுவருக்குள்ளே ஏறிப் போனது.

பிழையை அவர்கள் திருத்தவில்லை.
அதோடு இருபது வருடம் குடித்தனம் நடத்தினார்கள்.
மெல்ல, மிக மெல்லச் சூடேறும்போது
ஒரு கல்பாசி என்ன செய்யும் என்பது
உலகுக்குத் தெரியவந்தது,
யாரோ சிந்திய ரத்தத்தையும் சூப்பையும்
யாரோ கொதிநீரில் அலசியதால்.

அருங்காட்சியகத்தில் அறையைத் திரும்பக் கட்டினோம்.
வருபவர் பார்க்க ஒரு சுவர் போயாக வேண்டும்.
எந்தச் சுவர்?
கூட்டத்தில் அதற்குப் பத்து நிமிடம்.
ஜன்னல் இல்லாத சுவர், அலமாரி இல்லாத சுவர்,
ஒரு ஆணிகூட இல்லாத சுவர்.
அது போயிற்று.
அங்கே இப்போது ஒரு சிவப்புக் கயிறு.

குழாய் வரவில்லை. அதற்கு எண் இல்லை.
இருபது டிகிரி, ஐம்பது சதவீத ஈரம்,
இரவும் பகலும்.
கொக்கியில் ஒரு வெள்ளைக் கோட்டு:
புதிதாக வாங்கித் தேநீரில் முக்கிப்
பழசாக்கியது.

திறப்பு விழாவுக்கு ஹில்யா வந்தார்,
நனைந்த குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல்.
அவர் உயரத்தைப் பார்த்ததும்
112 எனக்குப் புரிந்தது.
மேசையை லெப்மெட்ஸின் முழங்கைக்கு
அளவெடுத்து அடித்திருந்தார்கள்.

அமைச்சகத்திலிருந்து வந்தவர் பேசிக்கொண்டே இருந்தார்.
ஹில்யா மெதுவாக நகர்ந்து போய்
கயிற்றுக்கு முதுகைக் கொடுத்து
லேசாகச் சாய்ந்தார்.
கயிறு ஆடியது.
காவலாளி தொண்டையைச் செருமினார்.

“குழாய்?” என்று கேட்டார் என்னிடம்.
சொன்னேன்.
“காபிக் கறையுமா?” என்றார்.
அதையும் சொன்னேன்.
குடையை எடுத்துக்கொண்டு பேருந்துக்குப் போனார்.

அது அக்டோபர்.
இப்போது மார்ச்.
அறையின் ஈரத்தையும் வெப்பத்தையும் காவல் காக்கும்
தீப்பெட்டி அளவுப் பதிவுக்கருவி
மாதக் கணக்கை அனுப்பியிருக்கிறது.
தரை, தரை, தரை,
நான்காம் நாளில் ஒரு மேடு.
மறு வாரமும். அதற்கடுத்த வாரமும்.

வியாழக்கிழமை பள்ளிகளுக்குக் கட்டணம் இல்லை.
நாற்பது பிள்ளைகள்,
பனி உருகும் நாற்பது கோட்டுகள்,
இல்லாத சுவரின் இடத்தில் நெருக்கியடித்து
வாய் திறந்து நிற்பார்கள்.

கருவியைக் கூட்டம் எட்டாத மூலைக்கு
மாற்றிவிடு என்கிறார் மேலாளர்.
நியாயம்தான்.
ஏணியைக் கொண்டுவந்து சாத்தியிருக்கிறேன்.
இன்னும் ஏறவில்லை.

இன்று புதன்.